அடியண்ணாமலையும் அன்பின் உரிமையும்

திருவண்ணாமலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து, புண்ணியம் சேர்த்ததாக மகிழ்வோர், வழியில் அடியண்ணாமலை என்னும் சிற்றூரைக் கடக்கின்றனர். அங்கே மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் உண்டு. மார்கழிக் குளிரில், பொழுது புலருமுன், வீடு வீடாகச் சென்று தோழியரைத் துயிலெழுப்பிய மங்கையரைக் கண்டே அவர் திருவெம்பாவையின் 20 பாக்களைப் பாடினார் என்பது சைவ மரபு.

பக்தர் அதிலே பரமனைக் காணட்டும். நாம் காண்பது அப்பெண்களை! உறங்குபவளைக் கேலி செய்யும் குறும்பென்ன, உரிமையென்ன, ஒருவரையொருவர் விட்டுப் பிரியாத தோழமையென்ன! ஆனால் கணவன் என்ற பேச்சு எழுந்ததும் நிலை மாறுகிறது. உன் அடியவரே எமக்குக் கணவராக வேண்டும், பிறர் தோள் எமக்கு வேண்டாம் என்று ஆண்டவனிடம் மனுப்போடுகின்றனர். நிபந்தனை விதிக்கும் துணிவாவது இருந்ததே என்பார் சிலர். இருந்தது, ஆனால் அது மணமகனின் பக்திக்கு விதித்த நிபந்தனை. இன்னானைக் கண்டேன், பேசினேன், பழகினேன், விரும்பினேன் என்று ஒருத்தியேனும் வாய் திறக்கக் காணோம்.

ஊரின் தலபுராணமோ இன்னும் வேடிக்கை. உமை விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாளாம், உலகெலாம் இருண்டதாம்! நண்பர்போல் வாழும் இருவரிடையே நிகழும் சிறு குறும்பு அது. தண்டனையோ அவளுக்கு மட்டும். காஞ்சியிலே தவம், பிறகு அண்ணாமலையிலே தவம்; அதன்பின்னரே இடப்பாகம் கிடைத்ததாம். கார்த்திகைத் தீபத்தன்று சில நொடி வெளிவரும் அர்த்தநாரியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டம், பாதி உரிமை பெறப் பெண்ணொருத்தி ஏன் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்று கேட்டதுண்டா?

புராணம் புகுமுன் தமிழகம் எவ்வாறிருந்தது? குறுந்தொகையின் மூன்றாம் பாடலைப் புரட்டுங்கள். தலைவன்மீது தான் கொண்ட காதலைத் தேவகுலத்தாரின் தலைவி எச்சொல்லால் குறிக்கிறாள்? நட்பு! அகப்பாடல்களில் கேண்மை என்ற சொல்லும் அவ்வாறே வரும். தோழமைக்கும் காதலுக்கும் ஒரே சொல்லை வழங்கினான் தமிழன். அதே தொகையின் நாற்பதாம் பாடலோ, பெற்றோர்க்குள் உறவில்லை, முன் அறிமுகமும் இல்லை, ஆயினும் நெஞ்சம் கலந்தது என்கிறது. குலமும் கோத்திரமும் அங்கே இடம்பெறவில்லை. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகே சடங்கு வகுக்கப்பட்டது என்பதைத் தொல்காப்பியமும் மறைக்கவில்லை.

இதனால் சங்ககாலம் குறையற்ற பொற்காலம் என்று கூத்தாடத் தேவையில்லை. பரத்தையிடம் சென்று திரும்பியவனை ஏற்கும் கடமை தலைவிக்கே இருந்தது. மற்றொன்று, இளைஞர் குறிப்பாக நினைக்கவேண்டியது, மடலேறுதல். விரும்பியவள் கிடைக்காவிடில் பனைமடற் குதிரை ஏறித் தெருவில் அவள் பெயர் தூற்றுவேன் என்று ஆடவன் அச்சுறுத்துவான். அது காதலா? வன்முறைக்கு இலக்கியப் பூச்சு! பழகிய பெண், நட்பு போதும் என்று மறுத்தவுடன் அவளைப் பழிக்கும் இன்றைய இளைஞன், பனைமடலின்றியே மடலேறுகிறான். அவனினும் மேலானவள் அகப்பாடலின் தோழி. தலைவியை நாடி வருவோன் எத்துணை இரந்தாலும் உடனே இசையாள், சேட்படுத்துவாள், காத்திருக்கச் செய்வாள். கேட்பதற்கு அவனுக்கு உரிமை, மறுப்பதற்கு இவளுக்கு உரிமை.

இவ்வுரிமையைத்தான் இருபதாம் நூற்றாண்டில் பெரியார் மீட்டெடுக்க முனைந்தார். கணவனும் மனைவியும் ஆண்டானும் அடிமையும் அல்லர், தோழர்கள் என்றார். 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாடு, சாதி மத வேறுபாடின்றித் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்றது. எள்ளினர், ஏசினர். 1950-களில் சென்னை உயர்நீதிமன்றமோ, சடங்கில்லாத அத்திருமணம் சட்டப்படி செல்லாது என்றது! மாலை மாற்றிக்கொண்டவர்கள் பெற்ற மக்களின் நிலை என்ன?

1967-இல் அண்ணாவின் ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது; 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. முன்னர் நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. புரோகிதர் வேண்டாம்; உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகக் கூறினாலே போதும்.

சட்டம் வந்தது, சாதி போயிற்றா? கல்லூரியில் பழகி, காதலித்து, சாதி கடந்து மணந்த இளம் இணையர்மீது 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், அரிவாள் பாய்ந்தது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அந்த இளைஞர் மாண்டார். வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் இசைவோ சமூகத்தின் இசைவோ தேவையில்லை என்று 2018-இல் உச்சநீதிமன்றம் கூறவேண்டி வந்தது.

வழக்கறிஞர் அறையில் மறைவாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எதிர்ப்புக்கு அஞ்சி நிற்கும் இருவரை ஊரறிய அறிவிக்கச் சொல்வது அவர்களின் உயிருக்கே கேடாகலாம் என்று 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. வழக்கறிஞரும், தொழில்முறையில் அல்லாது, நண்பர் என்ற முறையில் முன்னின்று அத்திருமணத்தை நடத்திவைக்கலாம்.