போதிகை படித்த பேராசிரியர்

சின்னாளப்பட்டியில் தறியோடு வாழ்ந்த பெரியவர்கள், சேலையின் கரையைப் பார்த்தே அது எக்காலத்துப் பாணி என்று சொல்லிவிடுவார்கள். கல்லுக்கும் அப்படியொரு கரை உண்டு. அதைப் படிக்க நமக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

1885இல் சைகோனில் பிறந்த கப்ரியேல் ழுவோ துப்ரேய், புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவர். கல்வெட்டே இல்லாத கோயிலின் காலத்தை எவ்வாறு கணிப்பது? தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையிலுள்ள போதிகையைப் பாருங்கள் என்றார் அவர். பல்லவர் போதிகை வளைந்து, அலையலையாய் வரியோடும். சோழர் காலத்தில் அது கோணமாக வெட்டுப்பட்டு நடுவே நீளும். விசயநகரக் காலத்தில் மொட்டாகத் தொங்கத் தொடங்கி, பின்னர் வாழைப்பூவாக முழுமை பெறும். இந்த வளர்ச்சியை அவர் 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் குறித்து வெளியிட்ட நூலில் நிறுவினார். கலைச்சொற்களை ஏடுகளோடு நில்லாமல், உளி பிடித்த சிற்பிகளிடமும் கேட்டறிந்தார். அடுத்தமுறை தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள், சிற்பத் தூண்களோடு நின்றுவிடாமல் சற்று அண்ணாந்தும் பார்க்க வேண்டுகிறோம்.

1931இல் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் பல்லவர் ஓவியங்களைக் கண்டறிந்தவரும் இவரே. அரிக்கமேட்டில் கிடைத்த மணிக்கல்லில் ரோமப் பேரரசர் அகஸ்டசின் முகத்தை அடையாளம் கண்டு, அவ்வூரின் பழமையை உலகுக்கு உணர்த்தியவரும் இவரே. அங்கே 1945இல் வீலர் அகழாய்வு நடத்தினார். அதே ஆண்டு துப்ரேய் மறைந்தார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு நிம்மதிதான். ஆனால் வரலாறு அப்படி விடுவதில்லை. 1920களில், காஞ்சிப் பகுதியில் பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிற்பங்களைத் திரட்டி, பாரிசு கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவுக்கு அனுப்பியவரும் இதே பேராசிரியர்தான். அந்த வரிசையைச் சேர்ந்த அன்னையர் இன்று இலண்டன், பாரிசு, வாசிங்டன், டொராண்டோ அருங்காட்சியகங்களில் பிரிந்து அமர்ந்திருக்கின்றனர். அவர்களின் கதையைப் பத்மா கைமல் 2012இல் தனி நூலாகவே எழுதினார்.

அவர்களின் கோயில் முன்பே சிதைந்துவிட்டது என்று சிலர் வாதிடலாம். எனினும், அது எங்கே இருந்தது என்று இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கல்லை அதன் இடத்தில் வைத்துப் படிக்கக் கற்றுத் தந்தவரே, சில கற்களை இடம் அறியாதவை ஆக்கவும் துணைநின்றார். அவர் நூலுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அந்த அன்னையரின் வெற்றிடத்தையும் மறக்கக் கடவோம் அல்லோம்.