மஞ்சள் கடுதாசியும் மருத்துவக் கடனும்

'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்று நம்மூரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அதில் இகழ்ச்சியே மிகுதி, இரக்கம் அரிது. அந்தத் திவால் சட்டமே அமெரிக்காவில் நோயினால் கடனாளியானோரின் கடைசிப் புகலிடமாக நிற்கிறது. வணிகருக்கென எழுந்த சட்டத்தின் வாயிலுக்கு நோயாளி வந்து சேர்ந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

ராபர்ட் மாரிஸ் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். விடுதலைப் போருக்குப் பணம் திரட்டித் தந்தவர். பின்னாளில் நிலங்களை வாங்கிக் குவித்து நொடித்துப்போன அவரை 1798-இல் பிலடெல்பியாவின் கடனாளிச் சிறையில் அடைத்தனர். ஜார்ஜ் வாஷிங்டனே அச்சிறைக்குச் சென்று அவருடன் உணவருந்தினார். எனினும், நட்பின் பெருமை கடனை அடைக்குமா? 1800-இல் இயற்றப்பட்ட முதல் கூட்டாட்சித் திவால் சட்டமே 1801-இல் அவருக்குச் சிறைக்கதவைத் திறந்தது.

அச்சட்டம் வணிகருக்கும் அவர்போன்றோருக்குமே உரியது. வழக்கைத் தொடுக்கும் உரிமையும் கடன் கொடுத்தவருக்கே இருந்தது. 1803-இல் அது நீக்கப்பட்டது. வணிகரல்லாதோரும் தாமே முன்வந்து மனுச் செய்யலாம் என்ற 1841-ஆம் ஆண்டுச் சட்டமும் இரண்டாண்டில் மறைந்தது. 1898-இல் வந்த சட்டமே நிலைத்தது. நேர்மையோடு வாழ்ந்தும் ஊழால் வீழ்ந்த கடனாளிக்குப் புதுத்தொடக்கம் தருவதே இச்சட்டத்தின் நோக்கம் என்று 1934-இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது.

நிற்க. மருத்துவமனைகளின் கணக்கேடுகளைச் சற்றுப் புரட்டுவோம். 1929-இல் டல்லாஸ் நகரின் பேய்லர் மருத்துவமனையில் ஆசிரியர்கள் பலருடைய கட்டணங்கள் நிலுவையில் கிடந்தன. அதைக் கண்ட நிர்வாகி ஜஸ்டின் கிம்பல், மாதம் 50 சென்ட் செலுத்தினால் ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சை என்றொரு திட்டம் வகுத்தார். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டின் முன்னோடிகளுள் ஒன்று, இவ்வாறு வாராக்கடனிலிருந்தே முளைத்தது!

ஆயினும் காப்பீடு முழுக்காவல் ஆகவில்லை. 2001-இல் திவாலானோரை வினவி 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவக் காரணங்களைக் கூறினர். அவர்களுள் முக்கால்வாசிப் பேர் நோய் தொடங்கியபோது காப்பீடு உடையவர்கள். மருத்துவமனையில் சேர்ந்ததால் நேரும் திவால்கள் 4 விழுக்காடு அளவே என்று 2018-இல் வேறோர் ஆய்வு மறுத்துரைத்தது. நோயாளி கட்டணத்தால் மட்டும் வீழ்வதில்லை. வேலையும் ஊதியமும் உடன் போகின்றன. எதை எதன் கணக்கில் எழுதுவது என்பதே ஆய்வாளரிடையே உள்ள வழக்கு.

இன்று சட்டம் இரு வழிகளைத் தருகிறது. 'ஏழாம் அத்தியாயம்' என்னும் வழியில், சட்டம் விலக்கிவைத்த உடைமைகள் போக எஞ்சியவை விற்கப்படும். பின்னர் மருத்துவக் கடன் அழியும். 'பதின்மூன்றாம் அத்தியாயம்' என்னும் வழியில், மூன்று முதல் ஐந்தாண்டுகள் வரை இயன்றதைத் தவணையாகச் செலுத்த வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல்வழியை வருமானச் சோதனையால் குறுக்கியது. அவ்வழியில் ஒருமுறை கடன்விடுவிப்புப் பெற்றவர், அதே வழியில் மறுமுறை பெற எட்டாண்டு இடைவெளி வேண்டும் என்றும் விதித்தது.

இங்கேதான் வணிகனும் நோயாளியும் வேறுபடுகின்றனர். மாரிஸின் நட்டம் முடிந்துபோன ஒன்று. அதை அழித்ததும் அவர் விடுதலை பெற்றார். சிறுநீரகம் பழுதுற்றவருக்கோ புற்றுநோயாளிக்கோ திவால் தீர்ப்புக்கு மறுநாளும் மருந்து வேண்டும். மறுநாளே புதுக்கடனும் பிறக்கலாம். பழைய கடனை நீதிமன்றம் அழிக்கலாம். நோயை அழிக்க அதனால் இயலுமா? எட்டாண்டுக் கணக்கைச் சட்டம் அறியும், உடல் அறியாது.

அடுத்தமுறை 'மஞ்சள் கடுதாசி' என்று நாம் நகைக்குமுன், அதை நீட்டிய கை நோயாளியின் கையாகவும் இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்வோம்.