பத்து வரை என்றால் பத்தும் சேருமா?



பைத்தான் நிரல்மொழியில் ரேஞ்ச்(1, 10) என எழுதி எண்களை ஒவ்வொன்றாக அச்சிடச் சொன்னால், ஒன்றில் தொடங்கி ஒன்பதில் நின்றுவிடும். ‘ஒன்று முதல் பத்து வரை’ என்றால் பத்தையும் சேர்த்தே எண்ணிப் பழகிய தமிழ்ப்பிள்ளை, தான் பிழை செய்துவிட்டதாகவே நினைக்கிறது. பிழை எவருடையதும் அன்று. அஃது எண்ணிப்பார்த்துச் செய்யப்பட்ட ஒரு தேர்வு.

பைத்தானைப் படைத்த கைடோ வான் ரோசம், 1980களில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையத்தில் ஏ.பி.சி. என்னும் மொழியின் குழுவில் பணியாற்றியவர். புதிதாகக் கற்போரை மனத்திற்கொண்டு அமைந்த அம்மொழியில் 1..10 என்றால் பத்தும் அடங்கும். ஆயினும் 1991இல் வெளிவந்த பைத்தானில் அவர் அவ்வழக்கத்தைத் தொடரவில்லை. எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்கி இறுதி எண்ணை விட்டுவிடும்போது, ஒரு பட்டியலை வெட்டுவதும் ஒட்டுவதும் எளிதாகின்றன என்பதே அவர் 2013இல் தந்த விளக்கத்தின் சாரம்.

இதே கருத்தை நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982 ஆகஸ்டிலேயே கைப்பட எழுதிய சிறு குறிப்பொன்றில் வாதிட்டிருந்தார். 2 முதல் 12 வரையிலான எண்களைக் குறிக்க நான்கு வழிகள் உள்ளன. அவற்றுள் தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்குவதே சிறந்தது என்றார். நான்கு வழிகளுக்கும் இடமளித்த மேசா மொழியில், மற்ற மூன்றும் ஓயாமல் பிழைகளுக்கு வழிகோலின என்பதையும் சான்றாகக் காட்டினார்.

ஐந்தாம் பக்கம் முதல் பன்னிரண்டாம் பக்கம் வரை எத்தனை பக்கங்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஏழு என்னும் விடை உறுதியாக எழும். ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பது எளிதில் மறந்துபோகும். ரேஞ்ச்(5, 13) என்றால் 13இலிருந்து 5ஐக் கழித்தாலே எட்டு கிடைத்துவிடும். நாற்பது மாணவரை ரேஞ்ச்(0, 20), ரேஞ்ச்(20, 40) எனப் பிரித்தால் ஒருவரும் விடுபடார். ஒருவரும் இருமுறை வாரார்.

எல்லா மொழிகளும் இதற்கு உடன்படவில்லை. 1987இல் தோன்றிய பெர்ல் மொழியில் 1..10 பத்தையும் தரும். 1995இல் வெளிவந்த ரூபியில் இரண்டு புள்ளி இட்டால் பத்து சேரும். மூன்று இட்டால் சேராது. ஒரு புள்ளியில் இவ்வளவு பொருளை வைப்பது குழந்தைகளுக்குச் சற்றுக் கடுமை என்பது என் எண்ணம்.

பழைய பைத்தான் நூல்களைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். அவற்றில் எக்ஸ்ரேஞ்ச் என்றொரு கட்டளை இருக்கும். அக்காலத்து ரேஞ்ச் எல்லா எண்களையும் ஒரே பட்டியலாக நினைவகத்தில் நிரப்பியது. எக்ஸ்ரேஞ்ச் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகத் தந்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0இல் அப்பண்பு ரேஞ்ச்சுக்கே வழங்கப்பட்டு, எக்ஸ்ரேஞ்ச் நீக்கப்பட்டது. ஆகவே அப்பயிற்சிகளை அப்படியே தட்டச்சு செய்தால் இன்று இயங்கா. ‘எக்ஸ்’ எழுத்தை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.