வால் எண் வி.பி. 905

மலர்க் குழு நண்பர்கள் இந்தத் தடவை வரலாறு கேட்டார்கள். எஞ்சினியரிடம் வரலாறு கேட்டால் அதிலும் நட்டு, போல்ட்டுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய விமானத்தைப் புதுப்பிக்க எடுத்தால், என்ன கலர் அடிப்பது என்றுதான் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு. இது பறக்கணுமா, நிற்கணுமா?

பறக்கணும் என்றால் பழைய பெயிண்ட் போய்த்தான் ஆகணும். அலுமினியத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ரிவெட் அடித்திருக்கும் இடங்களில் அரிப்பு ஒளிந்துகொண்டிருக்கும். உலோகத்தைக் கண்ணால் பார்க்காமல் அதில் ஆள் ஏற்றக் கூடாது. சுரண்டினால் அரிப்போடு சேர்ந்து அந்த விமானத்தின் சொந்தச் சரித்திரமும் கீழே உதிர்ந்துவிடும்.

நிற்கட்டும் என்று விட்டால் வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 'ஃப்ளாக் பெய்ட்' என்று ஒரு பி-26 குண்டுவீச்சு விமானம். இரண்டாம் உலகப் போரில் 200-க்கும் மேற்பட்ட முறை போய்த் திரும்பியது. உடம்பெல்லாம் குண்டுச் சிதறல் துளைகளும் ஒட்டுகளும்தான். அதைப் பளபளப்பாக்காமல், போர்க்காலப் பெயிண்டை அப்படியே காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டால் புது பெயிண்ட் அடிப்பதைவிட இதுதான் கஷ்டமான வேலை. உதிர்கிற பெயிண்டை உதிராமல் பிடித்து வைக்கவேண்டுமே!

நம் விமானப்படை எடுத்தது முதல் வழி. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி முதலாம் சீக்கியப் படைப்பிரிவு வீரர்கள் டகோட்டாக்களில் ஸ்ரீநகர் போய் இறங்கினார்கள். அன்றைக்குப் போன டகோட்டா ஒன்றின் வால் எண் வி.பி. 905. டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி ஒருவரின் மகனான ராஜீவ் சந்திரசேகர், வேறொரு பழைய டகோட்டாவை வாங்கி, இங்கிலாந்தில் பழுதுபார்த்து விமானப்படைக்குக் கொடுத்தார். 'பரசுராமா' என்று பெயர். 2018 ஏப்ரலில் அங்கிருந்து பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. வழிகாட்டும் கருவிகள் மட்டும் புதுசு. அதன் வாலில் எழுதியிருக்கும் எண்ணும் வி.பி. 905!

இது ஏமாற்றா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் பி.ஏ. 474 லங்காஸ்டரும் 1945-இல் கட்டப்பட்டு, குண்டு போடப் போகாமலே தப்பியது. போருக்குப் போன மற்ற லங்காஸ்டர்களின் அடையாளங்களை மாற்றி மாற்றி அதற்கு அடிக்கிறார்கள். எதை மாதிரி அடித்திருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியும்விடுகிறார்கள்.

அந்தச் சொல்லுதல்தான் முக்கியம். விமானக் கண்காட்சிக்கு வருகிற பள்ளிப் பையன் 'இதுதான் ஸ்ரீநகர் போன விமானம்' என்று வீட்டில் போய்ச் சொன்னால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் டகோட்டாவும் சும்மா வந்ததில்லை. 1944-இல் கட்டியது, அதற்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. வாலில் வி.பி. 905 இருக்கட்டும், அழகாகவே இருக்கிறது. என் கையில் விட்டால், ஏறுகிற கதவுக்குப் பக்கத்தில், படிக்கிற உயரத்தில் ஒரு தகடு வைத்து, தொழிற்சாலையில் அதற்குக் கொடுத்த சொந்த எண்ணைப் பொறித்து நாலு ரிவெட் அடித்துவிடுவேன்.