செலினியம் நஞ்சா, மருந்தா?

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மஞ்சளும் கிடைக்கும். மருந்துக் கடையில் செலினியம் கலந்த மாத்திரையும் கிடைக்கும். மஞ்சளின் நிறப்பொருளாகிய கர்க்குமினை ஐரோப்பியர் 1815-இல் பிரித்தெடுத்தனர். அது பீனால் இனம். 1817-இல் சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ், கந்தக அமில ஆலையின் சிவந்த மண்டியில் புதிய தனிமமொன்றைக் கண்டு, கிரேக்கர் திங்களுக்கு வழங்கிய பெயரால் செலினியம் என்றார். இவ்விரண்டையும் ஒரே மூலக்கூறில் பிணைத்துப் புற்றுநோய்க்கு மருந்து காண இன்று இரசாயன அறிஞர் முயல்கின்றனர்.

செலினியத்தைப் போல் பழியும் புகழும் மாறிமாறிச் சுமந்த தனிமம் அரிது. 1930-களில், அமெரிக்காவின் தென் டக்கோட்டாவில் மாடுகளின் குளம்பு கழன்றதற்கு அதுவே காரணமென்று தெரிந்தது. எலியின் ஈரலில் கட்டி உண்டாக்குகிறது என்ற குற்றச்சாட்டு 1943-இல் எழுந்தது. 1957-இலோ, அதே எலியின் ஈரலைக் காப்பதும் செலினியமே என்று சுவார்ட்ஸ் காட்டினார்! 1996-இல் கிளார்க் குழுவினர் 1,312 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. அதில் தோற்புற்று குறையவில்லை. வேறு சில புற்றுநோய்கள் குறைந்தன. ஆயினும் 35,000-க்கும் மேற்பட்ட ஆடவரிடம் 2001-இல் தொடங்கிய பெருஞ்சோதனை, பயன் காணாது 2008-இல் நிறுத்தப்பட்டது.

இரண்டிலும் அளவு ஒன்றே. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம். ஆனால் முன்னதில் கொடுத்தது செலினியம் ஏற்றிய ஈஸ்ட், பின்னதில் செலினோமெத்தியோனின். முன்னவர் செலினியம் குறைந்த மண்ணில் வாழ்ந்தவர் என்பதையும் மறத்தலாகாது. எனினும், தனிமம் எதனோடு கூடியிருக்கிறது என்பதே பெரிது என்னும் எண்ணம் வலுத்தது. பாடாணத்தைச் சுத்தி செய்து கையாண்ட சித்த வைத்திய மரபினர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

நம் உடலில் ஹைட்ரஜன் பெராக்சைடை அழிக்கும் நொதியொன்றில் செலினியம் இருப்பது 1973-இல் தெரியவந்தது. அந்நொதியைப் போலச் செயற்படும் சிறு சேர்மங்களைச் சமைத்தவருள், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பயின்று பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பணியாற்றும் கோ. முகேஷ் குறிப்பிடத்தக்கவர்; 2012-இல் பட்நாகர் பரிசு பெற்றார். பீனாலும் ஆக்சிசன் வழி வரும் கேட்டைத் தணிக்க வல்லது. ஆனால் உண்ட கர்க்குமினில் மிகச் சிறிதே இரத்தத்தில் சேர்கிறது. ஆகவேதான் தாவரப் பீனாலின் சாயலில் புது மூலக்கூறு வகுத்து, அதில் செலினியத்தைப் பொருத்திப் பார்க்கின்றனர். புற்றுநோய் உயிரணுவில் இத்தகைய சேர்மம் ஆக்சிசன் கேட்டைத் தணிப்பதற்கு மாறாகப் பெருக்கி, அவ்வணுவை மடியச் செய்யவுங்கூடும். இவ்வினத்தில் ஒன்றேனும் இதுகாறும் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றிலது.

பெருஞ்சோதனை நின்ற அதே 2008-இல், அமெரிக்காவில் சத்துநீர் ஒன்றில் குறித்த அளவினும் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. அதைப் பருகிய 201 பேர் நஞ்சேறி வருந்தினர். பலருக்கு முடி உதிர்ந்தது, நகம் சிதைந்தது.