அச்சத்தின் முகப்பு

அச்சம் மனிதனோடு உடன்பிறந்த உணர்வு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை எடுத்துரைக்கும்போது அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கினைக் குறித்தார். தெய்வம், பேய் முதலியவற்றைக் குறிக்கும் அணங்கு ஒன்றே இந்நான்கனுள் கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. அதனையே அவர் முதலில் வைத்தார் என்பது எண்ணத்தக்கது.

விலங்கைக் கண்டால் ஓடுகின்ற மனிதன், அச்சமூட்டும் கதையை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறான். அக்கதை நூலாக வந்தாலும், திரைப்படமாக வந்தாலும், கணிப்பொறியில் ஆடும் வீடியோ விளையாட்டாக வந்தாலும், வாங்குவோன் முதலில் காண்பது அதன் முகப்பு ஓவியத்தையே. அம்முகப்பு எவ்வாறு வளர்ந்து வந்தது, தனியொருவராய் நின்று அச்ச விளையாட்டு ஒன்றை ஆக்கும் இன்றைய இளைஞருக்கு அவ்வரலாறு எதனைக் கற்பிக்கிறது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1897ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ என்னும் புதினம் வெளிவந்தது. மனிதக் குருதியைக் குடித்து வாழும் பிரபு ஒருவனின் கதை அது. அதன் மேலட்டையில் என்ன இருந்தது? பேயின் உருவம் இல்லை. பாழடைந்த கோட்டையும் இல்லை. மஞ்சள் துணி அட்டையின்மீது சிவந்த எழுத்துகளில் நூலின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. படம் என்று ஒன்றுமே இல்லை. பொருள் விளங்காத அயற்பெயரும், குருதியின் நிறமுமே படிப்போர் உள்ளத்தில் ஐயத்தை எழுப்பப் போதியனவாக இருந்தன.

1901ஆம் ஆண்டில் அந்நூலின் சுருக்கப் பதிப்பு வந்தபோது முகப்பில் ஓவியம் ஏறியது. கதைக்குள் வரும் காட்சி ஒன்றையே ஓவியர் தேர்ந்தெடுத்தார். கோட்டையின் நெட்டைச் சுவரில் அப்பிரபு பல்லியைப் போலத் தலைகீழாக ஊர்ந்து இறங்குகிறான். அவன் யாரையும் கடிக்கவில்லை. எவருடைய குருதியும் சிந்தவில்லை. ஆயினும் மனித உருவம் ஒன்று மனிதர் செய்ய இயலாத செயலைச் செய்கிறது. ‘இவன் யார்? கீழே இறங்கி எங்கே செல்கிறான்?’ என்று நம் உள்ளம் தானே கேட்கத் தொடங்கிவிடுகிறது. அக்கேள்விக்கு விடை நூலுக்குள் இருக்கிறது.

இனி ஜெர்மனி நாட்டுக்குச் செல்வோம். 1920ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பெர்லின் நகரில் ‘டாக்டர் காலிகரியின் பேழை’ என்னும் ஊமைப்படம் திரையிடப்பட்டது. அதற்கு முன்னரே நகரத்துச் சுவர்களில் புதிரான சுவரொட்டிகள் தோன்றின. படிப்பவனை நோக்கி, நீ காலிகரியாக மாற வேண்டும் என்று அவை ஆணையிட்டன. காலிகரி யார் என்பதைத் தெரிவிக்கவில்லை. அப்படத்தில் சுவர்கள் சாய்ந்திருக்கும்; சன்னல்கள் கோணலாக இருக்கும்; நிழல்கள்கூட வண்ணத்தால் தீட்டப்பட்டவை. சுவரில் கண்ட புதிரால் கலங்கி அரங்கினுள் நுழைந்தவன், திரையிலும் அக்கலக்கத்தையே கண்டான். முகப்பு கொடுத்த வாக்கைப் படம் காப்பாற்றியது.

நேயர்களே, முகப்பு ஓவியம் ஒரு தொழிலையே தலைகீழாகப் புரட்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு முதலாக ஈ.சி. என்னும் நிறுவனம் அச்சமூட்டும் படக்கதை இதழ்களை வெளியிட்டு வந்தது. அவற்றுட் பல திறம்பட எழுதப்பட்டவை. தேர்ந்த ஓவியர்களால் தீட்டப்பட்டவை. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், இளைஞர் குற்றங்களைப் பற்றி ஆராய்ந்த செனட் துணைக்குழு நியூயார்க்கில் கூடியது. நிறுவனத் தலைவர் வில்லியம் கெயின்ஸ் அக்குழுவின்முன் சாட்சியம் அளித்தார். ‘கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்’ என்னும் இதழின் அட்டையொன்றைச் செனட்டர் கீஃபாவர் அவருக்குக் காட்டினார். ஒரு கையில் குருதி தோய்ந்த கோடரி. மறு கையில் கூந்தலைப் பற்றித் தூக்கிய பெண்ணின் தலை. இது நல்ல சுவைக்கு உரியதா என்று கீஃபாவர் கேட்டார். அச்ச இதழின் அட்டை என்ற அளவில் உரியதே என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் சற்று உயர்த்திக் கழுத்தினின்று குருதி வடிவதைக் காட்டியிருந்தால் அது தீய சுவை ஆகியிருக்கும் என்றும் விளக்கினார்.

அவ்விடை நாடெங்கும் செய்தியாயிற்று. அவ்வாண்டிலேயே படக்கதை வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். ‘அச்சம்’, ‘பீதி’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை இதழின் பெயரில் இடுவதையும் அவ்விதிகள் தடுத்தன. ஈ.சி. நிறுவனத்தின் அச்ச இதழ்கள் நின்றன. பிரிட்டனில் 1955ஆம் ஆண்டிலும், நம் இந்தியாவில் 1956ஆம் ஆண்டிலும் இளையோருக்குத் தீங்கு விளைக்கும் வெளியீடுகளைத் தடுக்கும் சட்டங்கள் பிறந்தன.

தணிக்கை சரியா, தவறா என்பது வேறு வழக்கு. நான் இங்கே நோக்குவது அவ்வட்டையை மட்டுமே. கோட்டைச் சுவரில் ஊர்ந்த பிரபுவையும் கோடரி ஏந்திய கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் தீங்கு இனிமேல்தான் நிகழவிருக்கிறது; இரண்டாவதில் எல்லாம் நிகழ்ந்து முடிந்துவிட்டது. நிகழவிருப்பது அச்சத்தைத் தருகிறது. நிகழ்ந்து முடிந்ததோ பெரும்பாலும் அருவருப்பைத் தருகிறது. அருவருப்பைத் தொல்காப்பியர் இளிவரல் என வேறு மெய்ப்பாடாக வைத்தார். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே அச்ச முகப்பு வரைவோர்க்கு நேரும் பெரும் பிழை என்பது என் துணிபு.

வீடியோ விளையாட்டுகளின் காலம் பின்னர் வந்தது. 1982ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் ‘ஹாண்டட் ஹவுஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அக்காலப் பொறியால் நுட்பமான உருவங்களைத் தீட்ட இயலாது. ஆகவே இருண்ட வீட்டினுள் உலவும் ஆட்டக்காரன் திரையில் இரண்டு கண்களாக மட்டுமே தெரிவான். தீக்குச்சியைக் கொளுத்தினால் அவனைச் சுற்றிச் சிறிதளவு வெளிச்சம் பரவும், அவ்வளவே. அந்நாளில் விளையாட்டுகள் அட்டைப் பெட்டிகளில் அடைத்துக் கடைகளில் விற்கப்பட்டன. பெட்டியின்மேல் ஓவியர் தீட்டிய வண்ணப்படம் இருக்கும். வாங்குவோன் பெட்டியைக் கையில் எடுப்பான், திருப்பிப் பார்ப்பான், பின்புறத்தைப் படிப்பான். முகப்புக்குப் பேச நேரம் இருந்தது.

இன்றோ அந்நேரம் இல்லை. 2003ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம் என்னும் இணையக் கடை, 2017ஆம் ஆண்டு முதல், ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் செலுத்தும் எவர்க்கும் தன் வாயிலைத் திறந்துவிட்டது. பெரு நிறுவனத்தின் துணையின்றித் தனித்தோ, இருவர் மூவராகவோ உழைப்போரும் அங்கே கடை விரிக்கலாயினர். வாயில் அகன்றது, முகப்போ சுருங்கியது. அக்கடையின் சிறு முகப்புப் படம் நெடுங்காலம் 231 படப்புள்ளி அகலமும் 87 படப்புள்ளி உயரமுமே உடையதாக இருந்தது. சில இடங்களில் அது மேலும் குறுகித் தோன்றியது. பெர்லின் நகரத்துச் சுவர் எங்கே, கட்டைவிரல் அளவான இச்சிறு சதுக்கம் எங்கே! ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒருவனுடைய அரை நொடிப் பார்வையில் தேறவேண்டியிருக்கிறது.

இந்நெருக்கடியில் வென்றவர் ஒருவரைக் கூறுவேன். அமெரிக்கராகிய ஸ்காட் காதன் தனியாக உழைத்து விளையாட்டுகளை ஆக்கி வந்தார். அவர் குழந்தைகளுக்கென்று படைத்த பாத்திரங்கள் உயிரற்ற பொறிப்பொம்மைகளைப் போல அச்சம் தருகின்றன என்று சிலர் குறை கூறினர். அக்குறையையே அவர் முதலாக்கிக்கொண்டார். 2014ஆம் ஆண்டில் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. சிறுவர் கூடி உண்டு மகிழும் உணவகம். அதனை இரவில் காக்கும் காவலாளி. இருட்டில் இடம்விட்டு நகரும் பொறிப்பொம்மைகள். அவ்விளையாட்டை உலகுக்கு அறிவித்தது இருளினின்று நோக்கும் பொம்மைக் கரடியின் முகம். குருதி இல்லை, ஆயுதம் இல்லை. சிறுவரை மகிழ்விக்க வேண்டிய முகம் இருளில் ஏன் நிற்கிறது என்னும் கேள்வி மட்டும் இருந்தது. 1901ஆம் ஆண்டின் ஓவியரும் இவரும் ஒரே நெறியில் நடந்தனர்.

மாணவ நண்பர்களே, உங்களுள் எவரேனும் இத்தொழிலில் இறங்கக்கூடும். அவர்க்குச் சில சொல்வேன். சிறு முகப்பில் பல உருவங்களை நெருக்காதீர். ஓர் உருவம் போதும். ஒளி ஓரிடத்திலிருந்து விழட்டும், எஞ்சியது இருளாகட்டும். ஆயின் எங்கும் இருளாகவே விட்டால் படம் வெறும் கறையாகிவிடும். உருவத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிதல் வேண்டும். விளையாட்டின் பெயர் மிகச் சிறிய அளவிலும் படிக்க இயல வேண்டும். எழுத்துகளினின்று குருதி வடியச் செய்து அவற்றைச் சிதைத்தல் வீண். வரைந்த படத்தை விரல் அளவாகச் சுருக்கி, மற்ற விளையாட்டுகளின் படங்களுக்கு நடுவே வைத்து, பழக்கமில்லாத ஒருவரிடம் காட்டி, என்ன காண்கிறார் என்று கேளுங்கள். எல்லாரும் குருதியைக் காட்டும் வரிசையில் இன்னொரு குருதித் துளி கண்ணில் படாது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், விருதுகளையும் பாராட்டுரைகளையும் முகப்பில் பொறிக்கக் கூடாது என்று ஸ்டீம் கடையும் விதித்துவிட்டது. ஆகவே படமும் பெயருமே உங்களுக்காகப் பேசவேண்டும்.

இவை எல்லாவற்றினும் மேலானது வாய்மை. உள்ளே மெல்ல மெல்ல அச்சுறுத்தும் கதையை வைத்து, முகப்பில் கொலைக்களத்தைத் தீட்டினால், அமைதியை விரும்புவோன் வாங்கமாட்டான். கொலையை விரும்புவோன் வாங்கி ஏமாறுவான். இருவரையும் இழந்து நிற்பவர் ஆக்கியவரே. உங்கள் கதையில் ஆட்டக்காரனை உண்மையாகவே நடுங்கச் செய்வது எது என்று முதலில் கண்டறியுங்கள். அதன் வாயிற்படி வரையில் அவனை முகப்பு அழைத்துச் செல்லட்டும். கதவை அவனே திறக்கட்டும்.