கம்பி ஓயும் இடத்தில் கமகம்

ஓவர்டிரைவ் பெடல் என்றதும் ராக் கச்சேரியின் கரகரப்புதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதன் வரலாறும் அப்படித்தான் தொடங்கியது. 1951இல் 'ராக்கெட் 88' பாட்டு பதிவானபோது கிதார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் பழுதாகியிருந்தது. அந்தப் பழுதின் ஒலியையே பதிவில் விட்டுவைத்தார்கள். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல் வந்தது. 1977இல் பாஸ் ஓடி-1, 1979 வாக்கில் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்று ஜப்பானியப் பெடல்கள் வந்த பிறகு, வால்வு ஆம்ப்ளிஃபயரை உச்சத்தில் அலறவிடாமலே அந்தத் தொனியைக் காலால் மிதித்து வரவழைக்க முடிந்தது. ஆனால் மீட்டிய ஸ்வரம் சட்டென்று மங்காமல் நீண்டு நிற்கிறதே, அதுதான் இதில் பெரிய வரவு. அந்த நீளம் ராக்கைவிடக் கர்நாடக இசைக்கே அதிகம் தேவை என்பது என் வாதம்.

வாய்ப்பாட்டில் மூச்சும் வயலினில் வில்லும் இருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். மீட்டும் கருவியிலோ, விரல் பட்ட கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கும். தோடியின் காந்தாரத்தை அசைத்து முடிப்பதற்குள் கம்பி ஓய்ந்துவிட்டால் அசைவின் பின்பாதி சபைக்கு எட்டாது. 1980களின் தொடக்கத்தில் சென்னை மேடைக்கு வந்த சிறுவன் உ. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டு, மின்சார மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு வந்தார். அவருடைய தொனி கரகரப்பற்றது, தெளிவானது. தேவை மட்டும் அதே தேவை. கிதாரில் சுகுமார் பிரசாத் அந்த வழியில் நடந்தார். சென்னை ஐஐடியில் படித்த பிரசன்னா 2006இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டபோது, ராக் கிதாரின் முறுக்கும் நம் தாளவாத்தியங்களும் ஒரே மேடைக்கு வந்தன.

பெடலால் ஸ்வரசுத்தம் கெட்டுவிடும் என்பார்கள். நியாயமான கவலைதான். டியூப் ஸ்க்ரீமருக்குள் ஒரு சின்ன ஐசி, அதையொட்டி எதிரெதிராக இரண்டு டயோடுகள். அலை ஓர் அளவைத் தாண்டினால் அவை அதன் உச்சியை மழுக்கும். ஓங்கிய தொடக்கம் தணியும், மெலிந்த வால்பகுதி மேலெழும். பல ஸ்வரங்களைச் சேர்த்துக் கார்டாக வாசித்தால் அவை ஒன்றோடொன்று பின்னி, யாரும் வாசிக்காத அதிர்வுகளும் பிறந்து கலங்கிப்போவது உண்மை. ஒற்றை ஸ்வரத்தில் அந்தக் கலங்கல் இல்லை. அங்கே கூடுவது அதன் மடங்குகள்தான்: ஸட்ஜத்தின் மூன்றாம் மடங்கு மேல்ஸ்தாயிப் பஞ்சமம், ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரம். நல்ல தம்பூராவில் காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு இவை புதியவை அல்ல. ஒரே இழையில் ஓடும் நம் இசைக்கு இந்தப் பெடல் பொருந்துவது அதனால்தான். மரபுக்கு அந்நியம் என்ற மறுப்பு எனக்கு வலுவாகப் படவில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்தபோது அதுவும் ஐரோப்பியக் கருவிதானே?

ஆனாலும் கடைப்பெடலை அப்படியே வாங்கி மிதித்தால் சொந்தத் தொனி வந்துவிடாது. டியூப் ஸ்க்ரீமரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. பேஸ் கிதாரும் டிரம்ஸும் உள்ள இசைக்குழுவில் அது வசதி. ஆலாபனையில் மந்திரஸ்தாயிக்கு இறங்கும்போதோ, நீளம் அதிகம் வேண்டிய இடத்தில் பெடல் கைவிரிக்கிறது. கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் அந்த எல்லை ஏறத்தாழ 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இந்த மாற்றத்தைச் செய்யக்கூடிய கைகள் நம்மிடமே உண்டு. நோக்கியா ஆலை 2006இல் திறந்த காலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் சர்க்யூட் போர்டோடு பழகிய இடம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை டிப்ளமோ முடித்து வேலை பார்க்கும் இளைஞர்களில் கிதார் வாசிப்பவர்களே, அந்த ஒரு கெபாசிட்டரை மாற்றிப் போட்டு, மந்திரத்தில் தோடியை வாசித்துப் பாருங்கள்.